வேன் வாங்கப் போன மூன்று பேர்

நான் பயந்தாங்கொள்ளி. இதை ஒப்புக்கொள்வதில் எனக்கு வெட்கமில்லை. அமெரிக்காவில், ஃப்ரீமான்ட்டில் குடியிருந்த காலத்தில் ஃப்ரீவேயில் கார் ஏறும் இடத்தைக் கண்டால் பயம், தபால் பெட்டியில் நீளமான கவர் வந்தால் பயம், வெள்ளிக்கிழமை சாயங்காலம் வீட்டு போன் அடித்தால் பயம். கதவைத் தட்டியது பக்கத்து வீட்டுக்காரர்தான் என்று தெரிந்த பிறகும் ஒரு நிமிடம் நின்று மூச்சு வாங்கிவிட்டுத்தான் திறப்பேன். "இவளைக் கூட்டிக்கிட்டு மளிகைக் கடைக்குப் போய்ட்டு வர்றதே பெரிய சாகசம்" என்று என் கணவர் நண்பர்களிடம் கேலி செய்வார்.

இத்தனை பயத்துக்கும் அடியில் இருந்தது ஒரே ஒரு பயம். எங்கள் மகள் அந்த ஊர் ஆஸ்பத்திரியில் பிறந்தவள், அமெரிக்கப் பிரஜை. நாங்கள் இருவரும் விசாவில் இருப்பவர்கள். என்றைக்காவது ஒரு நாள், யாராவது ஓர் அதிகாரி, அவளை அந்தப் பக்கமும் எங்களை இந்தப் பக்கமும் நிறுத்திவிடுவார் என்று நான் நம்பினேன். அப்படியெல்லாம் சட்டம் கிடையாது என்று என் கணவர் பல முறை விளக்கியிருக்கிறார். விளக்கி முடித்ததும் சரி என்று தலையாட்டுவேன். பிறகு போய்ப் பாஸ்போர்ட்டுகள் இருக்கின்றனவா என்று அலமாரியைத் திறந்து பார்ப்பேன்.

அவள் ஐந்து வயதைத் தொட்ட கோடையில் அவருக்கு கேம்பர் வேன் பைத்தியம் பிடித்தது. உள்ளேயே படுக்கை, இரண்டு பர்னர் அடுப்பு, கைகழுவும் தொட்டி எல்லாம் வைத்த வண்டி. அதை வாங்கிவிட்டால் நேஷனல் பார்க் ஒன்று விடாமல் பார்த்துவிடலாம், கிரீன் கார்டு வருகிறதோ இல்லையோ இந்த நாட்டைப் பார்த்த திருப்தியாவது மிஞ்சும் என்பது அவர் வாதம். புது வண்டி எங்கள் சக்திக்கு மீறியது. தமிழ்ச் சங்கத்து ஈமெயில் பட்டியலில் ஒருவர், டெக்சாஸில் தெரிந்த பெரியவரிடம் ஒன்று விலைக்கு இருப்பதாக எழுதியிருந்தார். மெக்சிகோ எல்லையை ஒட்டி, ரியோ கிராண்டே ஆற்றங்கரையில் ஓர் ஊர். அங்கே பெட்ரோல் பங்க் வைத்திருக்கும் ராமநாதபுரம் பக்கத்து முஸ்லிம் பெரியவர். முழங்கால் வலி வந்துவிட்டதால் வண்டியை வைத்திருந்து பயனில்லை என்று விற்கிறார்.

"டெக்சாஸா? அங்க போயி வாங்கற அளவுக்கு இங்க வேனே இல்லையா?" என்றேன்.

"நம்மாளுங்ககிட்ட வாங்கினா கண்டிஷன் நம்பி வாங்கலாம். வாடகைக் கார் எடுத்து டிரைவ் பண்ணிட்டுப் போறோம், காரை அங்க ஒப்படைச்சிட்டு வேன்ல திரும்பி வர்றோம். அதுவே ஒரு டிரிப்."

எல்லை என்ற சொல்லைக் கேட்டதுமே எழுந்து போய் அலமாரியைத் திறந்து பாஸ்போர்ட்டுகளை எண்ணினேன். அப்போது அவருடைய விசா நீட்டிப்பு விண்ணப்பத்தில் இருந்தது. ஒப்புதல் வரவில்லை, விண்ணப்பம் கிடைத்தது என்ற ரசீதுதான் கையில். அதுவே போதும் என்று வக்கீல் சொல்லியிருந்தார். எனக்குப் போதவில்லை. ஒரு நீல நிற ஃபைலில் மூன்று பாஸ்போர்ட், ரசீது, அவருடைய சம்பளச் சீட்டுகள், எங்கள் திருமணப் பதிவுச் சான்றிதழ், இரண்டு பேருடைய டிகிரி சர்ட்டிஃபிகேட் வரைக்கும் அடுக்கினேன். மகளின் பிறப்புச் சான்றிதழை மட்டும் எடுத்துக்கொள்ளவில்லை. வழியில் எது தொலைந்தாலும் அது தொலையக் கூடாது என்று முந்தைய வாரமே பாங்க் லாக்கரில் கொண்டுபோய் வைத்துவிட்டேன். என் முன்ஜாக்கிரதையை நானே மெச்சிக்கொண்டேன்.

இங்கே ஒரு கேலியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். நம் வீடுகளில் பிள்ளைகளைச் சீண்டுவதற்கென்றே ஒன்று உண்டு. "நீ எங்க பிள்ளையே இல்ல, உன்னைத் தவிட்டுக்கு வாங்கினோம்" என்பது. எனக்கும் சொல்லியிருக்கிறார்கள், அவருக்கும் சொல்லியிருக்கிறார்கள். கேட்டு அழுதிருக்கிறோம், பிறகு நாமே தம்பி தங்கைகளிடம் சொல்லிச் சிரித்திருக்கிறோம். அவர் இதை மகளிடம் சொல்லத் தொடங்கியபோது அவளுக்கு மூன்று வயதிருக்கும். தவிடு என்றால் என்ன என்று கேட்டாள். அவர் சமையலறை அலமாரியிலிருந்து, காலையில் பாலில் போட்டுச் சாப்பிடும் தவிட்டு சீரியல் பெட்டியை எடுத்துக் காட்டினார். "இந்த மாதிரி ரெண்டு பெட்டி குடுத்து உன்ன வாங்கினோம்." அவள் பெட்டியைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். நாங்கள் விழுந்து விழுந்து சிரித்தோம். அதன் பிறகு அவள் பால் குடிக்க அடம்பிடித்தால், செருப்பை மாற்றிப் போட்டால், "ரெண்டு பெட்டி வேஸ்ட்டுப்பா" என்பார். நானும் சேர்ந்துகொள்வேன். நானும் ஒன்றும் யோக்கியம் இல்லை.

வேன் பேச்சு வந்ததும் கேலி கொஞ்சம் வளர்ந்தது. "அந்த அங்கிள்கிட்ட உன்னக் குடுத்துட்டு வேனை எடுத்துக்கலாம்னு இருக்கேன். எக்ஸ்சேஞ்ச்" என்றார் ஒரு நாள் சாப்பிடும்போது. அவள் பருப்புச் சாதத்தைப் பிசைந்துகொண்டே, "ஓகே" என்றாள். அவளுக்குத் தமிழ் முழுக்கப் புரியும். பதில் மட்டும் எப்போதும் ஆங்கிலத்தில்தான் வரும்.

கிளம்புகிற அன்று இரண்டு பொம்மை போதும் என்று நான் எடுத்து வைத்தேன். காரில் ஏறியபோது பார்த்தால் ஏழு பொம்மையும் தலையணையும் இருந்தன. சண்டை போட நேரமில்லை என்று விட்டுவிட்டேன்.

போகும்போது மூன்று நாள். அரிசோனாவில் சாலை நேராகப் போய் வானத்தில் முட்டியது. நடுவில் கார் நின்றுவிட்டால் என்ன ஆவது என்று ஒவ்வொரு எக்ஸிட்டாக எண்ணிக்கொண்டே வந்தேன். பெட்ரோல் முள் பாதிக்குக் கீழே இறங்கினாலே "நிறுத்துங்க" என்பேன். லாரி ஒன்று எங்களைத் தாண்டிப் போகும்போதெல்லாம் கண்ணை மூடிக்கொள்வேன். பின்சீட்டில் மகள் சத்தமே இல்லாமல் வந்தாள். வழக்கமாக ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை எப்போது வரும் என்று கேட்பவள். பயணம் ஒத்துக்கொள்ளவில்லை போலும் என்று இஞ்சி மிட்டாய் கொடுத்தேன்.

இரண்டாம் நாள் அவளாகவே ஒரு கேள்வி கேட்டாள். அந்த அங்கிள் வீட்டில் குழந்தைகள் இருக்கிறார்களா என்று.

"இல்லம்மா, எல்லாம் பெரியவங்களாயி காலேஜ் போயிட்டாங்க."

கொஞ்ச நேரம் கழித்து, அவர்கள் மக்ரோனி சீஸ் செய்வார்களா என்று கேட்டாள். தெரியாது, கேட்டுப் பார்க்கலாம் என்றேன். என் கவனமெல்லாம் எதிரே தூரத்தில் தெரிந்த போலீஸ் கார் மேல் இருந்தது. அது எங்களை நிறுத்தவில்லை.

பெரியவரும் அவர் மனைவியும் வாசலுக்கே வந்துவிட்டார்கள். வீட்டுக்கு வெளியே ஒருவரிடம் தமிழ் பேசி ஆறு மாதமாகிறது என்று அந்த அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டே நின்றார். இடியாப்பமும் கோழிக் குழம்பும் செய்து வைத்திருந்தார். மூன்று நாள் சாண்ட்விச் சாப்பிட்ட வயிறு, எத்தனை சாப்பிட்டேன் என்று சொல்ல மாட்டேன். பழுப்புக் கோடு போட்ட வேன் கொட்டகையில் நின்றது. பெரியவர் ஒவ்வொரு இழுப்பறையையும் திறந்து காட்டினார். கூரையை மேலே தள்ளினால் இன்னொரு படுக்கை. என் கணவர் உள்ளே ஏறி உட்கார்ந்தவர் இறங்கவே இல்லை.

மறுநாள் காலை பேரம் முடிந்தது. பேரம் என்று சொல்லும்படி ஒன்றுமில்லை. பெரியவர் என் மகளின் கன்னத்தைக் கிள்ளி, "தம்பி, எதுக்கு இந்தக் காசு? இந்தப் புள்ளைய எங்ககிட்ட விட்டுட்டு வண்டிய சும்மா எடுத்துட்டுப் போங்க" என்றார்.

"எடுத்துக்கங்க பாய். நானே அதுக்குத்தான் கூட்டிட்டு வந்தேன்" என்றார் இவர்.

அந்த அம்மா அவளையும் எங்களையும் மாடிக்குக் கூட்டிப் போய்த் தன் மகளுடைய பழைய அறையைக் காட்டினார். சுவர் முழுக்கப் பட்டாம்பூச்சி ஒட்டியிருந்தது. "இங்கயே இருந்துக்கிறியா கண்ணு?" என்று கேட்டார். மகள் அறையை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு மெல்லிய குரலில், "ஓகே" என்றாள். எல்லாரும் சிரித்தோம். எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது, பிள்ளை எவ்வளவு சீக்கிரம் ஒட்டிக்கொள்கிறாள் என்று.

பதினொரு மணிக்குக் கிளம்பினோம். நாங்கள் வேனில் ஏறிய பிறகும் அவள் வாசலிலேயே அந்த அம்மாவின் பக்கத்தில் தலையணையைக் கட்டிக்கொண்டு நின்றாள். வா என்று இரண்டு முறை கூப்பிட்டும் அசையவில்லை. "பாத்தீங்களா, இவளுக்கு உங்களத்தான் பிடிச்சிருக்கு" என்று சொல்லி இவர் இறங்கிப் போய்த் தூக்கிக்கொண்டு வந்து சீட்டில் உட்கார்த்திக் கட்டினார். பெரியவர் ஜன்னலருகே வந்தார். "அரை மணி, முக்கால் மணி போனா வழியில செக் போஸ்ட் ஒண்ணு வரும் தம்பி. எல்லையிலேர்ந்து உள்ள போற எல்லா வண்டியும் நிக்கணும். பேப்பர் எல்லாம் கையில இருக்குல்ல?"

"இவ வீட்டையே ஃபைல் பண்ணி எடுத்துட்டு வந்திருக்கா பாய்" என்றார்.

அந்த முக்கால் மணி நேரத்தில் நான் ஃபைலை நான்கு முறை திறந்து பார்த்தேன். வேனின் சத்தம் எனக்குப் பழகவில்லை. கியர் மாறும்போதெல்லாம் ஏதோ முறிந்தது போல ஓர் ஓசை. முட்புதர்க் காட்டுக்கு நடுவே சாலையில் கூரை போட்ட இடம் தெரிந்தபோது என் உள்ளங்கை வேர்த்து ஃபைல் வழுக்கியது. "சிரிச்ச முகமா உட்காரு. திருடி மாதிரி முழிக்காத" என்றார் இவர்.

பச்சைச் சீருடையில் ஓர் அதிகாரி. மரியாதையாகத்தான் பேசினார். எந்த நாட்டவர் என்று கேட்டார். ஃபைலை நீட்டினேன். ரசீதைப் படித்தார், தலையசைத்தார். அந்த ரசீதுக்காக நான் இத்தனை நாள் தூங்காமல் கிடந்தேன். அவர் அதை ஐந்து விநாடியில் திருப்பித் தந்துவிட்டார். அப்பாடா என்று நினைத்தேன். பாஸ்போர்ட்டுகளை மட்டும் இன்னும் கையில் வைத்திருந்தார். மூன்றையும் சீட்டுக்கட்டு போல விரித்துப் பார்த்தார்.

கேள்வி எளிமையானதுதான். மூன்று பேருக்கும் கடைசிப் பெயர் ஏன் வேறு வேறாக இருக்கிறது?

நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது. இவருடைய கடைசிப் பெயர் இவர் அப்பாவின் பெயர். என்னுடையது என் அப்பாவின் பெயர், கல்யாணத்துக்கு முன் எடுத்த பாஸ்போர்ட். மகளின் கடைசிப் பெயர் இவருடைய பெயர். ஊரில் இது ஒரு எழுத்தில் முடிகிற விஷயம். இனிஷியல் என்று சொன்னால் தீர்ந்தது. அங்கே வெயிலில், பின்னால் பத்து வண்டி நிற்கும்போது, இவர் அதை விளக்கத் தொடங்கினார். இவருடைய ஆங்கிலம் வேகமாகிக்கொண்டே போனது. இவர் பயந்தால் அப்படித்தான் பேசுவார் என்பது கல்யாணமாகி எட்டு வருடத்தில் அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. வண்டி யாருடையது என்று அதிகாரி கேட்டதும் உரிமைப் பத்திரத்தை எடுத்துக் கொடுத்தார். அதில் நான்காவதாக ஒரு பெயர். பின்னால் காகிதத்தில் எழுதிய தற்காலிக நம்பர் பிளேட்.

அதிகாரி குனிந்து பின்சீட்டைப் பார்த்தார். பெண்குழந்தையிடம் பேசுகிற குரலில், "ஹலோ செல்லம், இவங்கதான் உன் அம்மா அப்பாவா?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

டேகேரில் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள், சீருடை போட்டவர் கேட்டால் உண்மையை மட்டும் சொல்ல வேண்டும் என்று.

"நோ. தே பாட் மீ" என்றாள் என் மகள். என்னை இவர்கள் வாங்கினார்கள் என்றாள், தெளிவாக.

அப்போது நான் சிரித்தேன். இன்றைக்கும் என்னை நானே மன்னிக்காத விஷயம் அது. பயத்தில் வந்த சிரிப்பு. அதிகாரி என்னைப் பார்த்த பார்வையில் அது பாதியில் நின்றது. வண்டியை ஓரமாக நிறுத்தி எல்லாரையும் இறங்கச் சொன்னார். குரல் உயரவே இல்லை. ஒரு பெண் அதிகாரி வந்து மகளின் கையைப் பிடித்துக்கொண்டார். அவள் தலையணையோடு அவருடன் நடந்து போனாள். திரும்பிப் பார்க்கவில்லை. கண்ணாடிக் கதவு மூடியது.

நான் ஐந்து வருடமாகப் பயந்துகொண்டிருந்தது நடந்துவிட்டது. அவள் அந்தப் பக்கம், நாங்கள் இந்தப் பக்கம். கையில் ஃபைல் இருந்தது. அதில் இருந்த ஒவ்வொரு காகிதமும் நாங்கள் ஒவ்வொருவரும் இந்த நாட்டில் இருக்கலாம் என்று சொன்னது. திருமணச் சான்றிதழ் நான் இவர் மனைவி என்று சொன்னது. அவள் எங்கள் பிள்ளை என்று சொல்லும் காகிதம் ஒன்றுகூட இல்லை. அது ஃப்ரீமான்ட்டில் பாங்க் லாக்கரில் பத்திரமாக இருந்தது.

எங்கள் இருவரையும் தனித்தனியாக உட்கார வைத்தார்கள். அவர் கூடத்தின் மறுகோடியில் முழங்காலில் கைகளை ஊன்றி உட்கார்ந்திருந்தார். அவர் அப்படிக் குனிந்து உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. இவள் எங்கள் பிள்ளைதான் என்று போனில் சொல்ல ஆளில்லை; ஞாயிற்றுக்கிழமை, டேகேர் கிடையாது, டாக்டர் ஆபீஸ் கிடையாது. அவளை எங்கே கொண்டுபோவார்கள்? வேறு வீட்டிலா? அங்கே இவள் சாப்பிடுவாளா? தயிர் சாதம் இல்லாமல் இவளுக்குத் தூக்கம் வராதே. அழ வேண்டும் போலிருந்தது, ஆனால் அழுதால் குற்றவாளி என்று நினைப்பார்களோ என்று அதற்கும் பயம்.

அந்தப் பெண் அதிகாரி என்னிடம் வந்தார். குறிப்புப் புத்தகத்தைப் பார்த்துக் கேட்டார். பிள்ளை சொன்னதை அப்படியே வாசித்தார். என்னை இரண்டு பெட்டி கொடுத்து வாங்கினார்கள். இப்போது என்னைக் கொடுத்துவிட்டு வேன் வாங்க வந்தார்கள். அந்த வீட்டில் எனக்கு அறைகூடக் காட்டினார்கள். ஆனால் இவர்கள் வேனையும் எடுத்துக்கொண்டு என்னையும் எடுத்துக்கொண்டு வந்துவிட்டார்கள்.

"பெட்டியில் என்ன?" என்று கேட்டார்.

"சீரியல்" என்றேன். "விளையாட்டு. எங்க ஊர்ல எல்லாரும் சொல்ற விளையாட்டு."

சொல்லும்போதே எனக்குக் கேட்டது அது எப்படி ஒலிக்கிறது என்று. எங்கள் ஊரில் எல்லாரும் பிள்ளைகளிடம், நீ எங்கள் பிள்ளை இல்லை என்று சொல்லிச் சிரிப்போம். எழுந்து நின்று, சுடிதார் டாப்ஸைத் தூக்கி, அடிவயிற்றைக் காட்டினேன். சிசேரியன் தழும்பு. டாக்டரைத் தவிர வேறு யாருக்கும் காட்டாதது. "இங்கருந்துதான் எடுத்தாங்க. இங்கருந்துதான்" என்று தமிழில் சொன்னேன். ஆங்கிலம் வரவில்லை.

"வேண்டாம்மா, உட்காருங்க" என்றார் அவர் ஆங்கிலத்தில். துணியைக் கீழே இறக்கிவிட்டார். ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து தந்தார்.

பெரியவருக்கு போன் செய்தார்கள். அவர் சொன்னது எனக்குப் பிறகுதான் தெரியும். தானும் அதே கேலியைச் செய்ததாகவும், தன் மூன்று பிள்ளைகளிடமும் அதையே சொல்லி வளர்த்ததாகவும், வேண்டுமானால் இப்போதே கிளம்பி வந்து சத்தியம் செய்வதாகவும் சொல்லியிருக்கிறார். ஆஸ்பத்திரிக்கும் போன் போட்டார்களாம். அங்கே ஞாயிறும் ஆள் உண்டு என்று எனக்குத் தோன்றவே இல்லை. இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகியிருக்கும். கண்ணாடிக் கதவு வழியாக அவளுடைய ஒரு கால் மட்டும் தெரிந்துகொண்டிருந்தது, நாற்காலியிலிருந்து தொங்கியபடி, ஆடாமல். அந்தக் காலை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை நான்.

கடைசியில் பெண் அதிகாரி அவளைக் கூட்டிக்கொண்டு வந்தார். ஏதோ படம் வரைந்து கையில் வைத்திருந்தாள். நான் ஓடிப்போய்க் கட்டிக்கொண்டேன். அவள் கட்டிக்கொள்ளவில்லை, விலகவும் இல்லை. ஃபைலைத் திருப்பித் தரும்போது அந்த அதிகாரி என்னிடம் தாழ்ந்த குரலில் ஒன்று சொன்னார். "உங்கள் மகள் என்னிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள். தன்னைத் திருப்பிக் கொடுத்துவிட முடியுமா என்று. முடியாது என்று சொல்லிவிட்டேன். நீங்களும் ஒரு முறை சொல்லிவிடுங்கள்."

வேனில் ஏறினோம். அவர் ஓட்டினார். நான் முன்சீட்டில்தான் உட்கார்ந்தேன், பின்னால் போய் அவள் பக்கத்தில் உட்கார எனக்குத் தைரியம் வரவில்லை. மூன்று நாள் சாலையைப் பார்த்துப் பயந்தேன், லாரியைப் பார்த்துப் பயந்தேன், பெட்ரோல் முள்ளைப் பார்த்துப் பயந்தேன். கைக்கெட்டும் தூரத்தில் ஒருத்தி, தன்னைக் கொடுத்துவிடப் போகிறார்கள் என்று நினைத்து, தலையணையையும் ஏழு பொம்மையையும் மூட்டை கட்டிக்கொண்டு வந்திருக்கிறாள். புது வீட்டில் என்ன சாப்பாடு கிடைக்கும் என்று விசாரித்திருக்கிறாள். அழுது ஆகாத்தியம் பண்ணவில்லை. அவளுக்கு இஞ்சி மிட்டாய் கொடுத்தவள் நான்.

பத்து மைல் போயிருப்போம். "சொல்லணும்டி, இப்பவே சொல்லணும். வீடு போற வரைக்கும் என்னால முடியாது" என்றார். அவர் குரல் உடைந்திருந்தது. சாலையோரத்தில் அகலமான மண் தரை பார்த்து நிறுத்தினார். முட்புதரைத் தவிர வேறு ஒன்றும் இல்லாத இடம். இறங்கி இந்தப் பக்கம் சுற்றி வந்தார். அவளிடம் மன்னிப்புக் கேட்க என்னென்ன வார்த்தை வைத்திருந்தாரோ, நானும் இறங்கி அவர் பின்னால் நின்றேன். அவர் பக்கக் கதவை இழுத்துத் திறந்தார்.

அவள் எங்களை ஒரு முறை பார்த்தாள். பிறகு வெளியே அந்த வெட்ட வெளியைப் பார்த்தாள். சீட் பெல்ட்டைக் கழற்றி, தலையணையைக் கதவருகே நகர்த்தி வைத்து, குனிந்து, தன் ஷூவை எடுத்து மாட்டிக்கொள்ளத் தொடங்கினாள்.